காற்று வகுத்த எல்லையும் கோடு வகுத்த எல்லையும்

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் தேசியம், அரசு, யுத்தம் என்று கதைக்க வந்திருக்கிறானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நமது பழைய இலக்கியத்தில் ஒரு பெரும் பகுதி புறம். போரைப் பாடிய புலவர்கள் போரினால் வரும் இழப்பையும் பாடியிருக்கிறார்கள். ஆகவே போர் ஏன் மூள்கின்றது, முடிந்த பின் எதை விட்டுச் செல்கின்றது என்ற வினா தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்குப் புறம்பானதன்று.

இந்த வினாவை எனக்குத் தந்தவள் ஒரு மாணவி. எமது இந்துக் கல்லூரியின் உயர்தர வகுப்பில் தொல்காப்பியப் புறத்திணையியலை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆநிரை கவர்தல் வெட்சி, மண்ணாசையால் வேந்தன் மேல் வேந்தன் செல்லுதல் வஞ்சி, அரண் முற்றுதல் உழிஞை, வலிமையே பொருளாக எதிர்நின்று பொருதல் தும்பை என்று சொல்லி முடித்ததும் அவள் எழுந்து, "சேர், எங்கட சண்டை இதில எந்தத் திணை?" என்று கேட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுள் பலர் யுத்தத்தின் இறுதி ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகள். வீட்டில் எதைக் கேட்டாலும் பாதிப் பதிலே கிடைக்கும் தலைமுறை.

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கு விரித்துச் சொல்கின்றேன். எங்கள் போர் வஞ்சியிலும் முழுமையாக அடங்காது, உழிஞையிலும் அடங்காது. வேந்தனுக்கு வேண்டியிருந்தது மண்ணும் திறையும். தேசிய அரசு என்ற நவீன அமைப்புக்கு இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அந்த மண்ணில் வாழ்பவர் யார், அவர் பேசும் மொழி எது, ஊரின் பெயர் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கின்றது என்பனவெல்லாம் அதற்கு முக்கியம். இதை விளங்கிக்கொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. முல்லைத்தீவிலிருந்து தெற்கே கொக்கிளாய்க்குப் போகும் வீதியில் இருக்கும் நாயாறு போதும்.

நாயாறு ஒரு சிறிய கரையோர ஊர். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் ஒரு மணல் திட்டு. மாரியில் காட்டு வெள்ளம் களப்பில் நிறைந்து திட்டை உடைத்துக் கடலோடு கலக்கும். கோடையில் அலை மீண்டும் மணலைக் குவித்து முகத்துவாரத்தை மூடும். வடக்கே செம்மலை, அளம்பில். தெற்கே கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். கொக்கிளாய்க் களப்பைக் கடந்தால் திருகோணமலை மாவட்டம். அதாவது வட மாகாணம் முடிந்து கிழக்கு மாகாணம் தொடங்குகின்றது. இந்த அமைவிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நடந்தவற்றில் பெரும் பகுதி இதனால் வந்தது.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாடு, தேசம், அரசு ஆகிய மூன்றையும் நாம் ஒன்றுபோல் வழங்குகின்றோம். அரசு என்பது அதிகாரம். வரி வாங்குவது, சட்டம் இடுவது, படை வைத்திருப்பது. தேசம் என்பது தாம் ஒரே மக்கள் என்று தம்மைக் கருதும் ஒரு கூட்டம். இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அச்சொட்டாகப் பொருந்த வேண்டும், ஓர் அரசுக்குள் ஒரே தேசம், ஒரு தேசத்துக்கு ஓர் அரசு என்று எண்ணும் அமைப்பே தேசிய அரசு. அந்தப் பொருத்தத்தை வேண்டி நிற்கும் கொள்கையே தேசியவாதம்.

வன்னியில் நிலப்பிரிவுக்கு வழங்கும் பழைய சொல் 'பற்று'. வன்னிக்கே அடங்காப்பற்று என்றொரு பெயருண்டு. நாயாறு இன்றும் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலர் பிரிவுக்குள்தான் இருக்கின்றது. பற்று என்பதற்குப் பிடிப்பு, ஒட்டு, அன்பு என்றெல்லாம் பொருள். குளத்தோடும் வயலோடும் கோயிலோடும் காட்டோடும் கொண்ட ஒட்டே ஒரு காலத்தில் நிலத்தின் அளவாகவும் இருந்தது. நாட்டுப்பற்று என்று இன்று நாம் சொல்வது முழுத் தீவையோ அரைத் தீவையோ குறிக்கின்றது. அவ்வளவு பெரிய பரப்பில் வாழும் அனைவரையும் எவரும் கண்ணாற் கண்டதில்லை. பெனடிக்ற் அண்டர்சன் என்ற அறிஞர் தேசத்தைக் கற்பிதம் செய்யப்பட்ட சமூகம் என விளக்கிய நூல் வெளிவந்தது 1983இல். நமக்கு வேறு காரணத்தால் மறக்கவியலாத ஆண்டு அது. கற்பிதம் என்றால் பொய் என்று அவர் சொல்லவில்லை. ஒருவரையொருவர் காணாத இலட்சக்கணக்கானோர், அச்சிட்ட பத்திரிகையாலும் பொது மொழியாலும் தம்மை ஒரே மக்களாக உணர்கின்றார்கள் என்பதே அவர் கருத்து. இந்தப் பத்திகூட அந்த வேலையில் ஒரு சிறு பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கின்றது.

இனி நாயாற்றின் பழைய எல்லையைப் பார்ப்போம். அதை வகுத்தது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்களுக்குத் தொழில் இராது. அப்போது கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். எனவே பிரித்தானியர் காலத்திலேயே மேற்குக் கரைத் தொழிலாளர் பங்குனி, சித்திரையளவில் வள்ளம், வலைகளோடு முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளுக்கு வருவார்கள். வாடி போடுவார்கள், கரைவலை இழுப்பார்கள், கருவாடு போடுவார்கள், வாடைக்கு முன் திரும்புவார்கள். ஊரார் அவர்களுக்கு அரிசியும் விறகும் தேங்காயும் விற்பார்கள். வாடைக்காலத்தில் கரை மீண்டும் ஊரவர்க்கு.

இது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கரைவலைப் பாடு யாருடையது என்று வழக்குகள் இருந்தன. சம்மாட்டிமாருக்கிடையே போட்டி இருந்தது. வந்தவர்களிற் சிலர் திரும்பாமல் தங்கிவிட, முணுமுணுப்பும் இருந்தது. ஆயினும் அந்தச் சண்டை வலையைப் பற்றியது, பாட்டைப் பற்றியது, விலையைப் பற்றியது. அவற்றைப் பேசித் தீர்க்கலாம், தீராவிட்டால் அடுத்த சோளகம் வரை ஒத்திப்போடலாம். "இந்தக் கரை எந்த இனத்தின் தேசம்?" என்ற கேள்வி எழுந்த பின் ஒத்திப்போட இடமில்லை. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கலாம் என்று இரு தரப்பும் நம்புகின்றன.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? 1648இல் ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ற்பேலியா உடன்படிக்கைகளை, எல்லைக்குட்பட்ட இறைமை என்ற எண்ணத்தின் தொடக்கமாக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கூறும். 1789 பிரெஞ்சுப் புரட்சி இறைமையை மன்னனிடமிருந்து எடுத்து மக்களுக்குக் கொடுத்தது. இது மிகப் பெரிய விடுதலை. ஆனால் அதிகாரம் மக்களுடையது என்றானதும், அந்த மக்கள் யார் என்ற கேள்வி உடனே எழுந்தது. மக்களுடைய அரசு என்றால் அதற்காகச் சாவதும் மக்கள் கடன் என்றாயிற்று. 1793 ஓகஸ்ற் 23ஆம் திகதி பிரெஞ்சு மக்கள் முழுவதையும் யுத்தத்துக்கு அழைக்கும் ஆணை பிறந்தது. இளைஞர் போர்முனைக்கு, பெண்கள் கூடாரமும் உடையும் தைக்க, முதியோர் சந்தியில் நின்று உணர்ச்சியூட்ட என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை குறிக்கப்பட்டது. கூலிப்படையின் தொழிலாக இருந்த யுத்தம் அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டின் காரியமாயிற்று. 1914 யூன் 28ஆம் திகதி சரயேவோ நகரில் ஒரு தேசியவாத இளைஞன் சுட்ட வேட்டு ஆறு கிழமைக்குள் ஐரோப்பாவின் பெரும் பகுதியைப் போருக்கு இழுத்ததும், 4 ஆண்டுகளில் ஒரு கோடிக்கு அண்மித்த போர்வீரர் மாண்டதும் இந்த மாற்றத்தின் விளைவுகளே.

தேசிய அரசு மக்களை என்ன செய்யும் என்பதற்கு அந்த யுத்தத்தை அடுத்து வந்த ஓர் உதாரணம் போதும். 1923 ஜனவரி 30ஆம் திகதி லொசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் சனப் பரிமாற்ற உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டன. துருக்கி நிலத்தைச் சேர்ந்த 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குரியவர் என்றும், கிரேக்க நிலத்தின் ஏறக்குறைய 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்குரியவர் என்றும் தீர்க்கப்பட்டது. அவர்களிற் பலர் ஏற்கெனவே உயிர் தப்பி ஓடியவர்கள். இனித் திரும்ப முடியாது என்று உடன்படிக்கை முத்திரை குத்தியது. அவர்களுள் துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர் இருந்தனர். கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரேத்தா தீவு முஸ்லிம்களும் இருந்தனர். தாம் பேசும் மொழி வழங்காத 'தாயகத்துக்கு' அவர்கள் அனுப்பப்பட்டார்கள். பட்டியலில் ஒரு நிரலில்தான் ஒருவர் நிற்கலாம்.

இலங்கையில் இந்தக் கணக்கு எப்படி வந்தது? 1833இல் கோல்புறூக் விதந்துரைப்பின்படி தீவு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1871இல் தீவு முழுவதற்குமான முதற் குடிசனமதிப்பு எடுக்கப்பட்டது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே நன்மையானதே. மூன்றும் சேர்ந்தபோது, எண்ணிக்கையே அதிகாரம் என்ற நிலை உருவாயிற்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை எண்ணிக்கைக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1972இன் யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. அரசு ஒரு தேசத்தின் அரசாக மாறியபோது, அதற்குள் அடங்காதவர்கள் தமக்கொரு தேசத்தையும் அரசையும் கேட்டார்கள். 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டையில் நிறைவேறிய தீர்மானம் அதைச் சொன்னது.

இடையில் தடுக்கக்கூடிய தருணமும் ஒன்று வந்தது. 1957 யூலை 26ஆம் திகதி எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தில் பிரதேச சபைகளுக்குக் காணி, குடியேற்றம் பற்றிய அதிகாரங்கள் பேசப்பட்டிருந்தன. 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. குடியேற்றத்தை யார் தீர்மானிப்பது என்ற அந்த ஒரு விடயம் உள்ளூரில் ஒழுங்காகியிருந்தால் நாயாற்றின் கதை வேறாக இருந்திருக்கக்கூடும் என்பதே என் எண்ணம்.

ஏன் நாயாறு? மேலே நினைவில் வைக்கச் சொன்ன அமைவிடத்துக்கு வருவோம். நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் மேற்கே உள்ள மணலாற்று நிலம் வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் கீல் போன்றது. அந்தக் கீலில் யார் வாழ்கிறார்கள் என்பதே வடகிழக்கு ஒரு தொடர்நிலமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். தமிழ்த் தேசியத்துக்கு அது பிடிக்க வேண்டிய இடமாகவும், சிங்களத் தேசியத்துக்கு அது பிரிக்க வேண்டிய இடமாகவும் தோன்றிற்று. அங்கே வயல் செய்தவனும் வலை இழுத்தவனும் இரு தரப்பினரது வரைபடத்திலும் மனிதராகத் தெரியவில்லை. நிரப்ப வேண்டிய நிறமாகவே தெரிந்தார்கள்.

அந்தப் பகுதியில் கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என இரண்டு பண்ணைகள் இருந்தன. 1977 கலவரத்தில் ஏதிலிகளான மலையகத் தமிழர் அங்கே குடியமர்ந்தனர். 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டு, பண்ணைகள் திறந்தவெளிச் சிறைகளாக்கப்பட்டு, சிங்களக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரு பண்ணைகளையும் தாக்கினர். 60இற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மறுநாள் கொக்கிளாய், நாயாற்றுக் கரைகளின் வாடிகளில் சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டனர். டிசம்பர் 2ஆம் திகதி ஒதியமலையில் 30இற்கு மேற்பட்ட தமிழ் ஆண்கள் கொல்லப்பட்டனர். தொடர்ந்து அந்த மாதத்திலேயே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு முதலான ஊர்களின் தமிழர் இராணுவத்தினரால் வெளியேற்றப்பட்டனர். மூன்று நான்கு கிழமைக்குள் ஒரு கரையின் முழு மனித வாழ்வும் கலைந்தது.

அந்த மார்கழியில் வெளியேறிய குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. நான் அப்போது பாலர் வகுப்புப் பிள்ளை. எனது நினைவில் தெளிவாக இருப்பது குறைவு. ஆனால் முள்ளியவளையில் இரவல் காணியில் இருந்தபோது அம்மா அடிக்கடி சொன்ன ஒரு வசனம் தெளிவாக இருக்கின்றது: "வயல் அங்க கிடக்கு, உறுதி இஞ்ச கிடக்கு, நாங்கள் ரெண்டு இடத்திலயும் இல்லை." தேசிய அரசு பற்றி நான் பின்னர் பல்கலைக்கழகத்தில் வாசித்தவற்றை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லித் தரவில்லை.

1988இல் மணலாறு மகாவலி அதிகார சபையின் 'எல்' வலயமாக 'வெலி ஓயா' என்ற பெயரில் வந்தது. மொழி ஆசிரியன் என்ற முறையில் இதை நான் மாணவர்க்குச் சுட்டிக்காட்டுவேன். சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல், 'ஓயா' என்றால் ஆறு. பெயர் மாற்றப்படவில்லை, மொழிபெயர்க்கப்பட்டது. அந்த இடம் மணல் நிறைந்த ஆற்றுநிலம் என்பதில் இரு மக்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரு பெயரும் அருகருகே வழங்கியிருக்கலாம். தேசிய அரசுக்குப் பெயர்ப்பலகையில் ஒன்றே முதலாவதாக வேண்டும் என்பதால்தான் பெயர் ஒரு படைக்கலமாயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீர்கொழும்பு, சிலாபம் கரையோரக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களிற் பல சில தலைமுறைகளுக்கு முன் தமிழ் பேசியவை. பள்ளிக்கூட மொழி சிங்களமானபோது வீட்டு மொழியும் மெல்ல மாறிற்று. அக்கரையில் முதியோரிற் சிலர் பிற்காலத்திலும் தமிழிற் செபம் சொன்னார்கள். ஆகவே சோளகத்தோடு வந்த வாடிகளில், நாம் 'மற்றவர்' என்று எண்ணியவரிற் சிலரின் பாட்டி தமிழிற் தாலாட்டியிருக்கலாம். 1882இல் பரிசில் எர்னஸ்ற் ரெனான் என்ற அறிஞர் தேசம் என்றால் என்ன என்று நிகழ்த்திய பேருரையில், ஒரு தேசம் உருவாகப் பொதுவான நினைவுகளோடு பொதுவான மறதியும் வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். இரு தேசியங்களும் இந்தக் கரையில் மறந்தவை ஏராளம்.

இப்போது மாணவியின் கேள்விக்கு மீள்வோம். புறநானூற்றின் 9ஆம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன் பசுக்களும் அந்தணரும் பெண்களும் நோயுற்றவர்களும் பிள்ளைப்பேறற்றவர்களும் அரண் சேருங்கள் என்று முன்னறிவித்தான் எனப் போற்றுகின்றார். இதை வைத்து அக்காலப் போர் அறப்போர், இக்காலப் போர் மறப்போர் என்று சொல்லிவிடுவது எளிது. அதே புலவர் அதே அரசனை 15ஆம் பாட்டில், பகைவர் ஊர்த்தெருக்களைக் கழுதை பூட்டி உழுதவன் என்றும் பாடியிருக்கின்றார். அக்காலத்திலும் ஊர்கள் எரிந்தன. எனவே வேறுபாடு கொடுமையின் அளவில் மட்டும் இல்லை, நோக்கத்தில் இருக்கின்றது. வென்ற வேந்தன் திறை பெற்றதும் உழவன் மீண்டும் உழுவான். அவன் என்ன மொழி பேசினாலும் வேந்தனுக்குக் கவலையில்லை. தேசிய அரசின் போரில் உழவனே பிரச்சினை. அவன் அங்கே இருப்பதே ஒரு வாதம். அவனை நீக்கினால் எதிர்த்தரப்பின் வாதம் நீங்கும். அதனால்தான் நவீன யுத்தத்தில் பொதுமகன் தற்செயலாக மட்டும் அடிபடுவதில்லை. பல வேளைகளில் அவனே குறியாகின்றான். முன்னறிவித்தலும் தலைகீழாயிற்று. அன்று அது ஒதுங்கி உயிர் தப்ப. இன்று ஒலிபெருக்கி சொல்லும் அறிவித்தல் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போய்விடு என்பதாகவே இருக்கின்றது.

இந்தத் தர்க்கம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழ் வாசகர்களாகிய நாம் மனந்திறந்து சொல்ல வேண்டும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000இற்கும் மேற்பட்டோர் சில நாள்களில், யாழ்ப்பாணத்திற் சில மணி நேரத்தில், வீடு வாசலை விட்டுப் போனார்கள். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் பேசியது நமது மொழி. ஒடுக்கப்பட்ட தேசியமும், தனக்கென ஒரு நிலத்தைக் கோட்டால் அடைத்ததும், கோட்டுக்குள் யார் இருக்கலாம் என்று தீர்மானிக்கத் தொடங்கியது. 1984 மார்கழியில் எங்கள் அம்மா அழுததற்கும் 1990 ஐப்பசியில் ஒரு முஸ்லிம் தாய் அழுததற்கும் இடையே வேறுபாடு காண எனக்குத் தெரிந்த எந்த இலக்கணத்திலும் விதியில்லை.

யுத்தம் 2009 ஜனவரியில் நாயாற்றைக் கடந்து முல்லைத்தீவுக்குள் வந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு, இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என 2011இல் அறிக்கையிட்டது. துவக்குச் சத்தம் ஓய்ந்தது. யுத்தத்தின் விளைவு ஓய்ந்ததா? நாயாற்றைச் சுற்றி நடந்தவற்றையே பார்ப்போம்.

வெளியேறிய ஊரவர் திரும்பத் தொடங்கியது 2011ஐ அண்டித்தான். 27 ஆண்டு இடைவெளி. சென்றவன் ஒரு தலைமுறை, திரும்பியவன் அடுத்த தலைமுறை. காணியின் ஒரு பகுதியில் வேறொருவர் வேறோர் அனுமதிப்பத்திரத்தோடு இருந்தார். 2018 ஓகஸ்ற்றில் வெளிமாவட்ட மீனவரின் தொழில்முறைகள் பற்றிய பிணக்கு முற்றியிருந்த வேளையில், 13ஆம் திகதி இரவு நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிக்கப்பட்டன. 2019 செப்ரெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலருகே விகாரை அமைத்திருந்த பிக்குவின் உடல், நீதிமன்றக் கட்டளையை மீறிக் கோயிலின் தீர்த்தக்கேணிப் பக்கத்தில் எரியூட்டப்பட்டது. 2023 யூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2024 யூலையில் அகழ்வு நிறைவெய்தியபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன.

வலை, கோயில், எலும்பு. மூன்றும் வேறு வேறு துறைக்குரியவை போலத் தோன்றும். ஒன்று மீன்பிடித் திணைக்களத்துக்கு, ஒன்று தொல்லியலுக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. ஆனால் மூன்றிலும் அடியில் கிடப்பது அந்தப் பழைய கேள்வியே: இது யாருடைய மண்? யுத்தம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. யார் பலமானவர் என்பதை மட்டும் சொன்னது.

அப்படியானால் வழியில்லையா? உலகில் எல்லோரும் கோட்டை ஒரே மாதிரி இழுக்கவில்லை. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பிடாசோவா ஆற்றில் ஒரு சிறு தீவு உண்டு. 1659இல் இரு முடியரசுகளும் அதில்தான் சமாதானம் செய்தன. அத்தீவு பெப்ரவரி தொடக்கம் யூலை வரை ஸ்பெயினிடமும், ஓகஸ்ற் தொடக்கம் ஜனவரி வரை பிரான்சிடமும் இருக்கின்றது. ஆளில்லாத ஒரு மணல்திட்டுத்தான். பெரிய உதாரணமென்று சொல்ல மாட்டேன். ஆனால் இறைமைகூடப் பருவத்தோடு கை மாறலாம் என்பதற்கு அது சாட்சி. எங்கள் சோளகத்துக்கும் வாடைக்கும் அது புதிய செய்தியன்று.

இன்னோர் உதாரணம் ஓலண்ட் தீவுகள். அங்குள்ளவர் சுவீடிஷ் மொழி பேசுவோர். சுவீடனோடு சேர விரும்பினர். 1921இல் சர்வதேச சங்கம் அத்தீவுகளைப் பின்லாந்துக்கே வழங்கியது. கூடவே தன்னாட்சியையும் மொழிக்கான காப்பையும் உறுதிசெய்தது. படைகள் நிற்கக்கூடாது என்றும் ஒழுங்காயிற்று. காணி வாங்குவதற்கும் அங்கே உள்ளூர் வதிவுரிமை வேண்டும். தான் கேட்டதை எத்தரப்பும் முழுமையாகப் பெறவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தையும் தாண்டி அந்த ஒழுங்கு நிலைத்தது. காணி, மொழி, படை ஆகிய மூன்றையும் தீர்த்தால் கொடி எதுவென்ற கேள்வியின் சூடு தணியும் என்பதே அது தரும் பாடம். நமது நாட்டில் 1987இன் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கிற்று. காணி அதிகாரம் பற்றிய இழுபறி அதன் பின்னும் தொடர்ந்தது.

யாப்பு மாற்றம் ஆசிரியனின் கையில் இல்லை. சொற்கள் அவன் கையில் இருக்கின்றன. ஆகவே வகுப்பில் நான் செய்வது ஒன்றுண்டு. 1984 மார்கழியில் நாயாற்றைச் சுற்றி இறந்தவர் யாரென்று மாணவரைக் கேட்பேன். முதலில் நம்மவரைச் சொல்வார்கள். பின்னர் பண்ணைகளில் இருந்த கைதிகளின் குடும்பங்களையும், வாடியில் இருந்த மீனவரையும் சேர்க்கச் சொல்வேன். சேர்த்து எழுதும்போது சிலருக்குக் கை தயங்கும். எழுதி முடித்ததும் நமது இழப்புக் குறைந்துவிடுவதில்லை. நமது நியாயமும் குறைவதில்லை. இதே கணக்கைக் காலியிலோ குருநாகலிலோ ஒரு சிங்கள ஆசிரியரும் தன் வகுப்பில் எழுதுவிக்க வேண்டும் என்று கேட்கும் தகுதி நமக்கு அப்போதுதான் வருகின்றது.

தேசப்பற்று வேண்டாம் என்பது என் வாதமன்று. கரைதுறைப்பற்றில் பிறந்தவனுக்குப் பற்று இல்லாமற் போகாது. குளத்தையும் கரையையும் பற்றுவது அன்பு. அங்கே வேறெவரும் பற்றக்கூடாது என்பது கோடு. இரண்டையும் பிரித்தறியும் பிள்ளைகள் நமது வகுப்புகளிலிருந்து வெளியேறட்டும்.